மேல்வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை

என் வயிற்றில் முதலில் ஒன்றுதான் இருந்தது. அது தன் பாட்டுக்கு வளர்ந்திருந்தால் எனக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. கருவாகி நாலைந்து நாளில் அதற்கு என்ன தோன்றியதோ, இரண்டாகப் பிரிந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பிரிந்திருந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி கிடைத்திருக்குமாம். இதுகள் தாமதமாகப் பிரிந்ததால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. கடுகில் பாதிகூட இல்லாத காலத்தில் அதுகளாக எடுத்த முடிவு அது. ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் குறுக்கு விசாரணை செய்தார்கள். என்ன சாப்பிட்டாய், எந்தப் பக்கம் படுத்தாய், மாடிப்படி ஏறினாயா. பதில் சொல்லி மாளவில்லை.

நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கம், பம்ப் அறையை ஒட்டிய இரண்டு அறைகளில். என் வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்துக்குக் குழாய் ஃபிட்டர். நான் வாசல் அலுவலகத்தில் போன் எடுப்பவள். லிஃப்ட் நின்றுவிட்டது, குப்பை எடுக்க ஆள் வரவில்லை, பக்கத்து வீட்டு நாய் தூங்கவிட மாட்டேன் என்கிறது, எல்லாப் புகாரும் என் காதில்தான் வந்து விழும். அதில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி: மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கீழ்மாடிக்காரர்கள் குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு குளிப்பார்கள். மேல்மாடிக்காரர்கள் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு என்னைத் திட்டுவார்கள். நான் இவரை அனுப்புவேன். இவர் போய் எதையோ திருகிவிட்டு வருவார், தண்ணீர் ஏறும். நாங்கள் பழகியதே அந்தத் திட்டுகளைப் பங்குபோட்டுக்கொண்டதில்தான்.

அவரை நான் குழாய்க்காரர் என்றுதான் சொல்வேன், முகத்துக்கு நேராகவும். உலகத்தில் எல்லாமே அவருக்குக் குழாய். எனக்குச் சளி பிடித்தால் மூக்கில் வாஷர் போய்விட்டது என்பார். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லாமல், இரண்டு முறை தங்கிக் கலைந்த பிறகு, மூன்றாவதாக இந்தக் கரு நின்றபோது அந்த மனிதர் பம்ப் அறைக்குள் போய் மோட்டார் சத்தத்தில் வாய்விட்டு அழுதார். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாத ஸ்கேனில் இரண்டு என்று தெரிந்தது. ஸ்கேன் டாக்டர் ஒல்லியான பெண்மணி, வார்த்தைக்கு வரி கட்டுகிறவர் போலத்தான் பேசுவார். கை கால் முளைக்கும் முன்னாலேயே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும் என்றார். இப்போது விரல்கூடப் பிரிந்துவிட்டது, கொட்டாவி விடுகிறது பாருங்கள் என்று காட்டினார். நாங்கள் வாயில் ஈ நுழைவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி என் வலது விலாவுக்குக் கீழே, மேலாக இருந்தாள். இன்னொருத்தி இடுப்பெலும்புப் பக்கம், கீழாக. இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு. இரண்டும் பெண்தான் என்று தானாகவே தீர்மானித்து, வெளியே வரும்போதே குழாய்க்காரர் பேர் வைத்துவிட்டார்: மேல்வீட்டுக்காரி, கீழ்வீட்டுக்காரி.

பிறகு வந்த ஸ்கேனில் டாக்டர் ஒரு சங்கதி சொன்னார். உள்ளே குழந்தையைச் சுற்றி இருக்கும் தண்ணீர் இனிமேல் பெரும்பாலும் அதன் மூத்திரம்தானாம். அதையே குடிக்கும், அதையே பெய்யும், மறுபடி குடிக்கும். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மோட்டார் இல்லாமல் தண்ணீர் சுற்றுகிறது என்று கட்டடத்தில் காவல்காரரிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் வரை ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். ஒரு வாரம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஐந்தாம் மாதம்தான் டாக்டர் கருவியை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இரண்டு பேரின் ரத்தக் குழாய்களும் அந்த ஒரே நஞ்சுக்கொடியின் மேல் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அது வழியாக மேலே இருப்பவளின் ரத்தம் கீழே இருப்பவளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கீழே இருப்பவளுக்கு ரத்தம் அதிகம், மூத்திரம் அதிகம், அவள் பை குளம்போலப் பெருத்துவிட்டது. மேலே இருப்பவள் இளைத்துவிட்டாள். மூத்திரம் பெய்ய அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, அதனால் அவளைச் சுற்றித் தண்ணீரும் இல்லை. நடுச் சவ்வு ஈரத் துணியாட்டம் அவள்மேல் ஒட்டி, கர்ப்பப்பைச் சுவரோடு சேர்த்து அவளை அழுத்தியிருந்தது. கை காலை அசைக்க இடமில்லை.

டாக்டர் இன்னும் ஒன்று சொன்னார். மேலே இருப்பவளின் மூத்திரப் பை இன்னும் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது, அதனால் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். அது தெரியாமல் போனால் பெரிய ஆஸ்பத்திரியில் லேசர் வைக்க வேண்டியிருக்கும். கீழே இருப்பவளுக்கும் ஆபத்துதான், அத்தனை ரத்தத்தையும் அவள் இதயம் இறைத்தாக வேண்டும். இதைத் தெளிவாகத்தான் சொன்னார். எங்கள் காதில் ஏறவில்லை. தண்ணீர் அதிகமாக வருகிறது என்று எங்கள் கட்டடத்தில் ஒருத்தரும் ஒருநாளும் போன் செய்ததில்லை.

"மேல்வீட்டுக்குத் தண்ணி ஏறலை," என்றார் குழாய்க்காரர், ஆஸ்பத்திரி வாசலில். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கும் உயிர் வந்தது, ஒளிப்பானேன். தினமும் நான் கேட்கிற புகார், தினமும் அவர் சரிசெய்கிற கோளாறு.

அன்று சாயங்காலமே கட்டிலின் கால்மாட்டில் மரக்கட்டைகளைக் கொடுத்துத் தூக்கினார். ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தார், சாய்வு போதாது என்று இன்னொரு கட்டை செருகினார். என் தலை பள்ளத்தில், கால் மேட்டில். மேல்வீட்டைக் கீழ்வீடாக ஆக்கிவிட்டால் தண்ணீர் தானாக அங்கே இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு. இப்போது எழுதும்போது கேலிக்கூத்தாக இருக்கிறது. அன்று அது எனக்கு வேதவாக்கு. எழுந்திருக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அப்படியே தலைகீழாகக் கிடந்தேன். நெஞ்செரிச்சலில் தொண்டை வெந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார், தம்பியின் வேலையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ என்ன பைப்பா, சாய்ச்சு வெக்கறதுக்கு?" என்று கேட்டார். நான் அவரை விழுங்குவதுபோல் பார்த்தேன். எனக்கு வேறு எதைப் பிடித்துக்கொண்டு கிடப்பது என்று தெரியவில்லை. டாக்டர் கொடுத்தது காத்திரு என்ற ஒரு சொல். இவர் கொடுத்தது செய்வதற்கு ஒரு வேலை.

அந்த வாரக் கடைசியில் என் வலது விலாவுக்குக் கீழே ஒரு உதை விழுந்தது.

அதுவரை அங்கே ஒன்றுமே தெரிந்ததில்லை. கீழே இருப்பவள்தான் துள்ளுவாள், புரளுவாள். இது மேலே, சரியாக மேல்வீட்டில். இவர் கையைப் பிடித்து வைத்தேன். மறுபடி விழுந்தது. இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார்கூட வந்து கைவைத்துப் பார்த்துவிட்டு, தம்பியை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார். லைன் சரியாகிவிட்டது, இந்த நேரத்தில் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனால் பழையபடி ஆகிவிடும் என்று பேசி முடிவு செய்தோம். மூன்று பேரும்தான் பேசினோம். அந்த வார ஸ்கேனுக்குப் போகவில்லை.

வயிறு மளமளவென்று பெருத்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டும் நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டோம். கடைசியில் எந்தப் பக்கம் படுத்தாலும் மூச்சு முட்டி, உட்கார்ந்தே இருக்க வேண்டியதாகிப் போனபோதுதான் பயம் வந்து கிளம்பினோம்.

டாக்டர் கருவியை வைத்ததும் அவர் உதடு இறுகியதைப் பார்த்தேன். மேலே இருப்பவளின் மூத்திரப் பை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கீழே இருப்பவளின் உடம்பைச் சுற்றித் தோலுக்கடியில் நீர் கோத்திருந்தது, இதயம் வீங்கியிருந்தது. மேலே ஒருத்தி உதைத்தாளே என்றேன். அவளால் சுண்டுவிரலைக்கூட நீட்ட முடியாது என்றார் டாக்டர். கீழே இருக்கும் பெரியவளின் குளம் வயிறு முழுக்கப் பரவிவிட்டது, அவள்தான் அந்தப் பக்கம் நீந்திப் போய் உதைத்திருப்பாள். போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டார். குழாய்க்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ ஒரு பொய் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே போனோம். லேசர் டாக்டர் இளவயதுக்காரர், நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. இரண்டு பேரும் இணைந்தே இருந்தால், ஒருத்தியின் இதயம் நின்ற நிமிஷமே மற்றவளின் ரத்தமும் அந்தப் பக்கம் வடிந்துபோகும். ஒருத்தி போனால் இருவரும் போகலாம், மிஞ்சினாலும் மூளை மிஞ்சாமல் போகலாம். அதனால் நடுவில் இருக்கும் இணைப்புகளைச் சுட்டு அடைத்துவிட வேண்டும். அதன்பிறகு நஞ்சுக்கொடியில் அவரவர் பங்கு அவரவருக்கு. பங்கு சமமாக இருக்காது. இரண்டும் பிழைக்கலாம், ஒன்று பிழைக்கலாம், இரண்டுமே போகலாம். குழாய்க்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாங்க லேட் பண்ணினதாலயா டாக்டர்?"

அதை இப்போது சொல்ல முடியாது என்றார் அவர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? ஆமாம் என்றால் அழுது தீர்க்கலாம், இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இது இரண்டுக்கும் வழி விடவில்லை.

என்னை மயக்கவில்லை, வயிற்றுத் தோலை மட்டும் மரக்கச் செய்தார்கள். பேனா ரீஃபில் கனத்தில் ஒரு குழாய் உள்ளே போனது, அதன் நுனியில் கேமரா. ஸ்கேனில் எல்லாமே சாம்பல் நிறம். இதில் நிறம் தெரிந்தது. நஞ்சுக்கொடி கறுஞ்சிவப்பாக, அதன்மேல் வேர் ஓடினாற்போல் நாளங்கள். டாக்டர் ஒவ்வொரு இணைப்பாகத் தேடிச் சுட, அது வெளுத்துச் சுருங்கியது. நடுவில் ஒரு கை வந்தது. பெரியவளின் கை. அவ்வளவு தெளிவான கையை நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்து விரல், நகம் முளைக்கிற இடம்கூடத் தெரிந்தது. அந்தக் கை மெதுவாக வந்து குழாயைத் தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. இந்தக் குழந்தை வேலை செய்யவிட மாட்டேங்குது என்று டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு குலுங்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார்.

மறுநாள் ஸ்கேன். குழாய்க்காரரை உள்ளே விட்டார்கள். அவர் என் தலைமாட்டில் நின்று திரையையே விழுங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வாரத்தில் அந்தச் சாம்பல் குழப்பத்தில் எங்கே எது என்று அவருக்கு அத்துப்படி. டாக்டர் முதலில் மேலே இருக்கும் சின்னவளிடம் போனார். இதயம் துடித்தது. கருவியைக் கொஞ்சம் இறக்கினார். அவள் அடிவயிற்றில் ஒரு கறுப்புப் புள்ளி.

"மூத்திரப் பை," என்றார் இவர். "டாக்டர், அது மூத்திரப் பைதான? தண்ணி வந்துருச்சு. இவளே, பாரு, மேல்வீட்டுக்குத் தண்ணி வந்துருச்சு."

சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். அடுத்த படுக்கைக்காரி திரைச்சீலையை விலக்கிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். நான் டாக்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை என் வயிற்றின் கீழ்ப்பக்கம் போனது. அழுத்தியது. கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. அங்கே ஒரு முதுகெலும்பு தெரிந்தது, முத்துக் கோத்ததுபோல் நேர்த்தியாக. அதற்கு முன்னால் எது துடிக்க வேண்டுமோ அது துடிக்கவில்லை. இவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அதிகமாகக் கிடைத்தவள் போய்விட்டாள். ஒன்றுமில்லாதவள் இருந்தாள். நாங்கள் காப்பாற்றவே நினைக்காத பிள்ளை பெரியவள், காப்பாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. இருவரின் ரத்தத்தையும் நெஞ்சு வெடிக்க இறைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவளை எடுக்க முடியாது என்றார்கள். எடுக்கப் போனால் சின்னவளும் வந்துவிடுவாள். இணைப்புகளை அடைத்துவிட்டதால் பெரியவளால் சின்னவளுக்குக் கெடுதல் இல்லை, பிரசவம்வரை இருவரும் அப்படியே இருக்கட்டும். ஆகவே நான் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன், ஒன்றை உயிரோடும் ஒன்றை இல்லாமலும். மரக்கட்டைகளை இவர் எப்போது எடுத்தார் என்று தெரியாது, கட்டில் சமமாக இருந்தது.

நாத்தனார் ஆறுதல் சொன்னார்: போனதை நினைக்காதே, இருப்பதை நினை. வயிற்றுக்குள் இருப்பதை எப்படி போனது என்பது? நான் உட்கார்ந்தால் அவளும் உட்கார்ந்தாள், புரண்டால் புரண்டாள். தெருவில் போகிறவர்கள் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, எத்தனை மாதம் என்று கேட்டார்கள். யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். ஆறு மாதம் என்பேன்.

வயிறு அடங்கிப்போனது. உதைத்துக்கொண்டிருந்தவள் அவள்தானே. சின்னவள் இருக்கிறாள் என்று ஸ்கேன் சொன்னது, என் உடம்பு சொல்லவில்லை. நாள் முழுக்க விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். ஒன்றும் வராது. அப்படி ஒருநாள் பயம் முற்றித்தான் வாயைவிட்டேன். நீங்கள் பம்ப் பார்க்கிறவர், டாக்டர் இல்லை, என் பிள்ளையைக் கொன்றுவிட்டு நிற்கிறீர்கள் என்றேன். வேண்டுமென்றே, வலிக்கட்டும் என்று சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார்.

"நீயும்தான நம்புன," என்றார்.

நம்பினேன்தான். அன்று சாயங்காலம் மேல்மாடியிலிருந்து போன் வந்தது, தண்ணீர் ஏறவில்லை என்று. வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் வைத்துவிட்டார்.

மறு வாரம் சின்னவள் உதைத்தாள். உதை என்று சொல்ல முடியாது, உள்ளே யாரோ ஒரு விரலால் தட்டிப் பார்த்த மாதிரி. தண்ணீர் சேரச் சேர அவளுக்கு இடம் கிடைத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் சுவரோடு ஒட்டிக் கிடந்தவள் ஒரு காலை நீட்டிப் பார்த்தாள். பிறகு மற்றதை. நான் உதை வாங்கிக்கொண்டே அழுதேன். இனி காது கேட்கும் என்றார் ஸ்கேன் டாக்டர், அதன்பின் வந்தபோது இமை திறந்துவிட்டது என்றார், தோலுக்கடியில் கொழுப்பு சேர்கிறது என்றார். ஒவ்வொன்றுக்கும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்ட கையோடு, அவள் கண்ணைத் திறந்து யாரைப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். நுரையீரல் மட்டும் இன்னும் ஆகவில்லை, இன்னும் கொஞ்ச வாரம் உள்ளேயே வைத்திருங்கள் என்றார் டாக்டர். நான் என்னவோ பிடித்து வைத்திருப்பதுபோல.

வைத்திருக்க முடியவில்லை. ஏழாம் மாதம் முடிவதற்குள் ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாத்தனார்தான் ஆட்டோ பிடித்தார்.

பிரசவ அறையில் நான் அதுவரை யோசிக்காத ஒன்று தெரிந்தது. வாசல் பக்கம் இருப்பவள் பெரியவள். அவள் வெளியே வந்தால்தான் சின்னவளுக்கு வழி. ஆகவே நான் முதலில் பெற வேண்டியது அவளை. இடுப்பைப் பிளக்கும் வலி, உயிருள்ள பிள்ளைக்கு வருவதற்குக் கொஞ்சமும் குறையாத அதே வலி. முக்கச் சொன்னார்கள், முக்கினேன். அவள் வந்தாள். நர்ஸ் ஒரு துணியில் வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றினார். காட்டுங்கள் என்றேன். அதற்குள் கருவியில் சின்னவளின் துடிப்பு விழ ஆரம்பித்தது. அழக் கூடாது, மூச்சை அதற்குச் செலவழிக்காதே, முக்கு, முக்கு என்று டாக்டர் கத்தினார். எனக்கு அழ நேரம் கொடுக்கவில்லை. முக்கினேன்.

சின்னவள் பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைப் படிக்கிறவர்கள் அவளையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்று அவளுக்கு வாய் என்னைப் போலவே. ஆனால் அன்று யாருக்கும் அது தெரியாது. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அளவு, நீலம் பாரித்து, பூனைக்குட்டிகூட அதைவிடச் சத்தமாக அழும். ஒரு கும்பலே அவளைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் மூக்கில் குழாய் வைத்தார், ஒருவர் பையை அழுத்தினார், இன்னொருவர் ஊசியைப் பிரித்தார். கண்ணாடிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் அவள் காலை மட்டும் பார்த்தேன். அது ஆடியது.

கதவைத் திறந்து இவரைக் கூப்பிட்டார்கள். அப்பா கூட வாங்க, குழந்தைகள் வார்டுக்குக் கொண்டுபோகிறோம், எதுவும் இப்போது சொல்ல முடியாது என்றார்கள். அவர் உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார், அதன் பின்னால் ஓடத் தயாரானார். அந்த நேரம் பார்த்து முதல் நர்ஸ் பெரியவளைச் சுற்றிய துணிச் சுருளை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கதவை நோக்கி நடந்தார். அவசரமாக இல்லை. அவருக்கு என்ன அவசரம்?

எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள், எழ முடியாது. நான் இவரைக் கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கல்யாணமானதிலிருந்து செய்யாத காரியம். அவர் திரும்பினார்.

"நீங்க பெரியவகூடப் போங்க," என்றேன். "சின்னவகிட்ட இத்தனை பேர் இருக்காங்க. அவகிட்ட யாரும் இல்ல."

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. கண்ணாடிப் பெட்டி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது, அப்பா எங்கே என்று வெளியிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் அந்தக் கதவைப் பார்த்தார், இந்தக் கதவைப் பார்த்தார். பிறகு நர்ஸின் பின்னாலேயே ஓடிப்போய் நில்லுங்கள் என்றார். தட்டை வாங்கவில்லை. துணிச் சுருளை மட்டும் எடுத்து, பிள்ளையைத் தூக்குகிறவர்கள் தூக்குகிற மாதிரி, தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்.